வந்த நாய்க்கு முதல் மூன்று நாள்

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். 'செவலை' சி பிளாக்கிற்கு வருவதற்கு ஒரு வாரம் முன்பு பேசியது. கூட்டத்துக்கு வர இயலாதவர்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே வெளியிடுகிறோம்.)



தலைவர் எனக்கு அரை மணி நேரம் கொடுத்திருக்கிறார். எனக்குப் பின்னால் தண்ணீர் லாரிக் கணக்கும் லிஃப்ட் பராமரிப்பும் காத்திருக்கின்றன. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

வரும் ஞாயிற்றுக்கிழமை சி பிளாக் இரண்டாம் மாடிக்கு ஒரு நாய் வருகிறது. பெயர் செவலை. ஆறு வயது இருக்கும். நாட்டு நாய்தான். பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் வீட்டில், தறிக்குப் பக்கத்திலேயே படுத்து வளர்ந்தவள். வளர்த்த பெரியவர் தை மாதம் தவறிவிட்டார். அவர் மனைவி பெங்களூரில் மகள் வீட்டுக்குப் போகிறார். அங்கே நாய்க்கு இடமில்லை. நிரந்தரமாக ஒரு வீடு கிடைக்கும்வரை அவளை வைத்துக்கொள்ள நம் குடியிருப்பில் ஒரு குடும்பம் முன்வந்திருக்கிறது.

இந்தச் செய்தி நம் வாட்ஸ்அப் குழுவில் வந்த அன்று என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரியும். சிலர் வாழ்த்தினீர்கள். சிலர் "குழந்தைகள் ஓடியாடுகிற இடம், யோசியுங்கள்" என்றீர்கள். சின்ன வயதில் நாய் கடித்துத் தொப்புளைச் சுற்றி ஊசி போட்டுக்கொண்டதை ஏ பிளாக் பெரியவர் ஒருவர் எழுதியிருந்தார். அந்தப் பயத்தை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அதைப் பற்றியும் பேசுகிறேன்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். நாயை உள்ளே அழைத்துவருவது ஒரு குடும்பம். அந்த நாய் இங்கே நிலைப்பதும் நிலைக்காததும் அதே படிக்கட்டில் ஏறி இறங்குகிற நம் எல்லோருடைய கையிலும் இருக்கிறது. முதல் சில நாள்களில் அதற்கு நாம் என்னென்ன செய்கிறோம் என்பதைவிட, என்னென்ன செய்யாமல் விடுகிறோம் என்பதுதான் முக்கியம்.

தற்காலிக வளர்ப்பு என்றால்

ஃபாஸ்டர் என்கிறார்கள். நாம் தற்காலிக வளர்ப்பு என்று சொல்லலாம். நாய் உங்கள் சொந்தமில்லை. அடுத்த வீடு கிடைக்கும்வரை அதற்குச் சோறு, மருந்து, தூக்கம், பழக்கம் எல்லாம் கொடுத்து வைத்திருப்பது உங்கள் பொறுப்பு.

இது வெளிநாட்டுப் பழக்கம் என்று யாரும் நினைக்க வேண்டாம். 1959-இல் சென்னையில் கேப்டன் வி. சுந்தரம் என்ற விமானி, வெள்ளநீரில் தத்தளித்த இரண்டு நாய்க்குட்டிகளை எடுத்துத் தன் வீட்டுக்குக் கொண்டுபோனார். அவர் மனைவி உஷா சுந்தரமும் விமானிதான். இரண்டு குட்டியில் ஆரம்பித்தது வீடு நிறைய ஆனது. பிறகு அதுவே 'புளூ கிராஸ் ஆஃப் இந்தியா' என்ற அமைப்பானது. தெருநாய்களைக் கொல்வதற்குப் பதிலாகக் கருத்தடை செய்யலாம் என்று 1964-லேயே சொன்னவர்கள் அவர்கள். மத்திய அரசின் விதியாக அது வர 2001 ஆகிவிட்டது. செவலையின் காதில் ஒரு சின்ன வெட்டு இருக்கும், பார்ப்பீர்கள். யாரோ அறுத்துவிட்டார்கள் என்று பதற வேண்டாம். கருத்தடை ஆகிவிட்டது என்பதற்கான அடையாளம் அது.

"காப்பகத்தில் விட்டால் என்ன?" என்று சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. காப்பகங்கள் அடிபட்ட நாய்க்கும் நோயுள்ள நாய்க்கும் வேண்டும். அங்கே இடம் எப்போதும் நெருக்கடிதான். ஆறு வருடம் ஒரே வீட்டில் இருந்த நாயை நூறு நாய் குரைக்கிற இடத்தில் விட்டால் அது ஒடுங்கிப்போகும். அமெரிக்காவில் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஐந்து காப்பகங்களில் 207 நாய்களைக் கவனித்து 2019-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒன்றிரண்டு இரவு ஒரு வீட்டில் தங்கவைத்தபோதே, மன அழுத்தத்தைக் காட்டும் கார்டிசால் என்ற சுரப்பு நாய்களிடம் குறைந்தது. காப்பகத்துக்குத் திரும்பியதும் பழைய அளவுக்கு வந்துவிட்டது. முன்பைவிட மோசமாகவில்லை. ஒன்றிரண்டு இரவுக்கே இந்த மாற்றம் என்றால், சில மாதங்கள் எவ்வளவு பெரிய உதவி என்று யோசித்துப் பாருங்கள்.

"தெருவிலேயே விட்டுவிடலாமே, நாட்டு நாய்தானே?" என்பது இன்னொரு கேள்வி. வீட்டில் வளர்ந்த நாய்க்குத் தெருவில் இடம் கிடையாது. ஒவ்வொரு தெருவுக்கும் அதனதன் நாய்கள் உண்டு. புதிதாக வந்ததை அவை விரட்டும், கடிக்கும். வளர்த்த நாயை இப்படிக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

வருவதற்கு முன்

சி பிளாக் குடும்பத்துக்கு நான் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். நாளை உங்களில் வேறு யாராவது ஒரு நாயை அழைத்துவரலாம்.

முதலில் மருத்துவர். காஞ்சிபுரம் அரசு கால்நடை மருத்துவமனையில் காட்டி, வெறிநோய்த் தடுப்பூசி, மற்ற நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசி, குடற்புழு மருந்து எல்லாம் எப்போது போட்டது என்று கேட்டு, விட்டுப்போனதைப் போட்டுவிட வேண்டும். உண்ணி இருக்கிறதா என்று காது மடல், கால் விரல் இடுக்கு எல்லாம் பார்க்க வேண்டும். நம் ஊர்ப் பக்கம் நாய்களுக்கு உண்ணிக் காய்ச்சல் சாதாரணமாக வருவது. பெரிய அறுவைச் சிகிச்சை ஏதும் தேவைப்பட்டால் சென்னை வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

இரண்டாவது, ஒரு மூலை. வீட்டில் ஆள் நடமாட்டம் குறைந்த ஓர் இடம். பின் அறையோ, சாப்பாட்டு மேசைக்கு அடியிலோ. அங்கே ஒரு பழைய ஜமக்காளம், தண்ணீர்க் கிண்ணம். மார்பிள், டைல்ஸ் தரை நாய்க்கு வழுக்கும். மண் தரையிலும் சிமெண்டிலும் நடந்த கால்கள் அவை. அதனால் அது நடக்கிற பாதையில் கோணிப்பையோ மிதியடியோ போட்டு வையுங்கள். பால்கனி கிராதியில் நாய் நுழைகிற இடைவெளி இருந்தால் வலை கட்டுங்கள். பினாயில் ஊற்றித் துடைத்த ஈரத் தரையில் நடந்துவிட்டு அது காலை நக்கும். அதனால் நன்றாகக் காய்ந்த பிறகே உள்ளே விடுங்கள்.

மூன்றாவது, பழைய வீட்டு வாசனை. அந்த அம்மாவிடம் பெரியவரின் துண்டு ஒன்றைக் கேட்டிருக்கிறோம். துவைக்காமல் தரச் சொல்லியிருக்கிறோம். நாய்க்கு மூக்குதான் முதல். எல்லாமே புதிதாக இருக்கிற வீட்டில் பழகிய வாசனை ஒன்றாவது இருக்கட்டும்.

நான்காவது, கழுத்துப் பட்டையில் கைபேசி எண் எழுதிய வில்லை. இதைத் தள்ளிப்போடவே கூடாது. புது வீட்டுக்கு வந்த நாய் தொலைந்துபோவது பெரும்பாலும் முதல் சில நாள்களில்தான். கதவு ஓர் அடி திறந்தால் போதும், பழைய வீட்டைத் தேடி ஓடும். பிள்ளையார்பாளையத்துக்கு வழி தேடிக்கொண்டு அவள் பஸ்ஸும் லாரியும் போகிற ரோட்டில் நிற்கக் கூடாது. வெளியே கூட்டிப்போகும்போது கழுத்துப் பட்டை மட்டும் போதாது. பயந்து பின்வாங்கினால் தலை உருவிக்கொண்டு வந்துவிடும். மார்பைச் சுற்றிக் கட்டுகிற ஹார்னஸும் வேண்டும்.

முதல் மூன்று நாள்

காப்பகங்களில் ஒரு கைக்கணக்கு சொல்வார்கள். மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம். மூன்று நாளில் பயம் கொஞ்சம் இறங்கும். மூன்று வாரத்தில் வீட்டின் நடைமுறை பிடிபடும். மூன்று மாதத்தில்தான் இது என் இடம் என்று நாய் நம்பும். எல்லா நாய்க்கும் அப்படியே நடக்கும் என்றில்லை. ஆனால் நாம் அவசரப்படாமல் இருக்க இந்தக் கணக்கு உதவும்.

முதல் மூன்று நாளில் அந்த நாயிடம் எதையும் எதிர்பார்க்காதீர்கள். வால் ஆட்டவில்லை, கூப்பிட்டால் வரவில்லை, சாப்பிடவில்லை, மேசைக்கு அடியிலேயே கிடக்கிறது என்றால், எல்லாம் இயல்புதான். ஒரு நாள், ஒன்றரை நாள் சாப்பிடாமல் இருப்பது உண்டு. தண்ணீர் குடிக்கிறதா என்று மட்டும் பாருங்கள். தண்ணீரும் குடிக்கவில்லை, வாந்தி, வயிற்றுப்போக்கு, அல்லது இரண்டு நாள் தாண்டியும் சாப்பாடு இல்லை என்றால் மருத்துவரிடம் போக வேண்டும்.

பயந்த நாய் பல்லைக் காட்டுவதற்கு முன்பே பல விதங்களில் சொல்லிவிடும். தூக்கம் வராமலே கொட்டாவி விடும். உதட்டை நக்கும். தலையைத் திருப்பிக்கொள்ளும். வெயில் இல்லாமலே மூச்சிரைக்கும். கண்ணின் வெள்ளை ஓரத்தில் தெரியும். வாலை இடுக்கிக்கொள்ளும். இவற்றில் எதைப் பார்த்தாலும் 'கொஞ்சம் விலகிப் போ' என்கிறது என்று அர்த்தம். விலகிவிட்டால் விஷயம் அங்கேயே முடிந்தது. உறுமினால் அடிக்கக் கூடாது, அதட்டவும் கூடாது. உறுமல் எச்சரிக்கை மணி. மணியை உடைத்துவிட்டால் அடுத்த முறை சத்தமில்லாமல் கடி விழும்.

இந்த மூன்று நாளும் சி பிளாக் வீட்டுக்கு யாரும் நாயைப் பார்க்கப் போக வேண்டாம். இது என் முதல் வேண்டுகோள். பிரியத்தால்தான் போவீர்கள், தெரியும். பிஸ்கட் பாக்கெட்டோடு பத்துப் பேர் வந்து குனிந்து தலையைத் தடவினால், அதன் கண்ணுக்குப் பத்து அந்நியர்கள் மேலிருந்து கையை நீட்டுகிறார்கள், அவ்வளவுதான்.

இந்த ஊரில் இதைப் புரியவைப்பது சுலபம். பழைய பாவு முடிந்து புதுப் பாவைத் தறியில் பிணைக்கும்போது பார்த்திருப்பீர்கள். ஆயிரக்கணக்கான இழைகள். ஒவ்வொன்றாகக் கையால் முறுக்கிச் சேர்ப்பார்கள். அந்த நேரத்தில் யாரும் போய் "சேலை எப்போது ரெடியாகும்?" என்று கேட்பதில்லை. அந்த வேலை முடிந்தால்தான் முதல் நாடாவே ஓடும். நாய்க்கும் இந்த மூன்று நாள் அப்படித்தான்.

மூன்று வாரம்

மூன்று நாளுக்குப் பிறகு நேரம்தான் மருந்து. தினமும் ஒரே நேரத்தில் சோறு, ஒரே நேரத்தில் நடை, ஒரே இடத்தில் தூக்கம். அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்துவிட்டால் நாயின் பயம் பாதி போய்விடும்.

சாப்பாட்டை உடனே மாற்றக் கூடாது. செவலைக்கு இதுவரை சாதமும் தயிரும், எப்போதாவது ஒரு முட்டையும். அதையே கொடுத்துக்கொண்டு, ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் புது உணவைக் கலக்க வேண்டும். அக்கம்பக்கத்தார் தயவுசெய்து கேட்காமல் எதுவும் கொடுக்காதீர்கள். நம் காஞ்சிபுரம் இட்லி மிளகும் சுக்கும் நெய்யுமாக நமக்கு மணக்கும், அதன் வயிற்றுக்கு ஆகாது. சர்க்கரைப் பொங்கலில் இருக்கிற உலர்திராட்சை நாய்க்கு விஷம். சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாக்லேட், வெங்காயம், பூண்டும் கூடாது. வேகவைத்த கோழி எலும்பு கூராக உடைந்து குடலைக் குத்தும். காய்ச்சல் என்று நினைத்து நம் வீட்டுப் பாராசிட்டமாலைக் கொடுப்பதும் ஆபத்து.

அடுத்தது கழிவு. மண்ணில் பழகிய நாய் சிமெண்ட் தரையில் போகாது. அடக்கிக்கொண்டே இருந்து வீட்டுக்குள் வந்ததும் போய்விடும். அது திமிர் இல்லை. முதல் வாரம் இரண்டு மூன்று மணிக்கு ஒரு முறை, தூங்கி எழுந்ததும், சாப்பிட்டு முடித்ததும், பின் பக்கத்து மண் திட்டுக்கு ஒரே வழியில் கூட்டிப்போக வேண்டும். போனதும் அங்கேயே ஒரு வாய் தீனி, ஒரு நல்ல வார்த்தை. வீட்டுக்குள் போய்விட்டால் துடைத்துவிட்டு வேலையைப் பாருங்கள். மூக்கைக் கொண்டுபோய்த் தேய்ப்பது பழைய முட்டாள்தனம். நாய் கற்றுக்கொள்வது உங்களைக் கண்டு பயப்படுவதை மட்டுமே. வெளியே போனதை அள்ளி எடுத்துவருவது அழைத்துப்போகிறவர் கடமை. இதில் சங்கம் கறாராக இருந்தால் நானும் கை தூக்குவேன்.

பிறகு சத்தம். செவலை ஆறு வருடம் தறிச் சத்தத்தில் தூங்கியவள். நமக்கு அது இரைச்சல். அவளுக்கு அது வீட்டில் ஆள் இருக்கிறது என்பதன் அடையாளம். இங்கே அது இல்லை. அதற்குப் பதில் லிஃப்ட் கதவு, குக்கர் விசில், மிக்ஸி, காலிங் பெல். அந்தத் தெருவில் ஒரு வீட்டில் தறி ஓடும் சத்தத்தைக் கைபேசியில் பதிவுசெய்து வந்து, மெதுவாக வைத்துப் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். கேட்டால் கேட்கட்டும், செலவு ஒன்றுமில்லை. இன்னொன்று, வைகாசி வந்துவிட்டது. வரதராஜப் பெருமாள் கோயில் பிரம்மோற்சவமும் மூன்றாம் நாள் கருட சேவையும் ஊரையே திரட்டும். அந்த நாள்களில் அவளைத் தெருவுக்குக் கூட்டிப்போகாமல், ஜன்னலைச் சாத்தி ஃபேனைப் போட்டு, மூலையில் விட்டுவிட வேண்டும். தீபாவளி வரை இங்கே இருந்தால் அப்போதும் அப்படியே.

கடைசியாகத் தனிமை. தினமும் ஆள் இருந்த வீட்டில் வளர்ந்தவளை முதல் நாளே பூட்டிவிட்டு வேலைக்குப் போனால் கதவைப் பிறாண்டுவாள், ஊளையிடுவாள். அந்த வீட்டில் இருவரும் மாற்றி மாற்றி விடுப்பு எடுத்திருக்கிறார்கள். முதலில் ஒரு நிமிடம் வெளியே போய் வருவார்கள். பிறகு ஐந்து, பத்து, அரை மணி. போகும்போதும் வரும்போதும் கொஞ்சல் வேண்டாம். சாவி எடுப்பதும் கதவு சாத்துவதும் பெரிய விஷயமில்லை என்று அவளுக்குப் பழக வேண்டும். இடையில் சில நாள் சத்தம் வரத்தான் செய்யும். இரண்டாவது வேண்டுகோள் இங்கேதான். சத்தம் தொந்தரவாக இருந்தால் குழுவில் போடாதீர்கள், கதவைத் தட்டிச் சொல்லுங்கள். எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்று சொன்னால் அவர்களுக்கு அது உதவி. குழுவில் போட்டால் அது வழக்காகிவிடும்.

பயமுள்ளவர்களுக்கும் குழந்தைகளுக்கும்

இப்போது பயத்துக்கு வருகிறேன். ஏ பிளாக் ஐயா பட்ட வேதனை உண்மை. அன்று நரம்புத் திசுவிலிருந்து செய்த மருந்தை வயிற்றில் பல நாள் போடுவார்கள். இன்று அது கிடையாது. இப்போது தோளில், தோலுக்குள் போடுகிற சின்ன ஊசி. கடித்த பிறகு முதல் நாள், பிறகு 3, 7, 28-ஆம் நாள். அரசு மருத்துவமனையில் இலவசம்.

எந்த நாய் கடித்தாலும், கீறினாலும், தடுப்பூசி போட்ட நாயாகவே இருந்தாலும், செய்ய வேண்டியது இதுதான். உடனே குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், காப்பித் தூள், சுண்ணாம்பு எதுவும் வைக்கக் கூடாது. பிறகு நேராக மருத்துவமனை. ரத்தம் வந்த கடியாக இருந்தால் ஊசியோடு இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தும் தேவைப்படும், மருத்துவர் சொல்வார். வெறிநோய் வந்த பிறகு காப்பாற்ற மருந்து இல்லை. வராமல் தடுக்க மருந்து இருக்கிறது. இந்த இரண்டு வரியையும் நோட்டீஸ் பலகையில் ஒட்டச் சொல்லிச் செயலாளரிடம் கேட்டிருக்கிறேன்.

நாய்க்குப் பயப்படுகிறவர்களுக்காக அந்தக் குடும்பம் சில ஏற்பாடுகளை ஒப்புக்கொண்டிருக்கிறது. காலை ஐந்தரைக்கும் இரவு ஒன்பதரைக்கும்தான் பெரிய நடை. மற்ற நேரங்களில் மண் திட்டுவரை மட்டும். எப்போதும் கயிறு கையில். லிஃப்டில் ஏற்கெனவே யாராவது இருந்தால் அவர்கள் சரி என்று சொன்னால்தான் ஏறுவார்கள், இல்லையென்றால் அடுத்த முறைக்குக் காத்திருப்பார்கள். மற்ற மூன்று வீட்டு நாய்களோடு முதல் இரண்டு வாரம் சந்திப்பு கிடையாது.

குழந்தைகளுக்கு வீட்டில் நீங்கள் சொல்ல வேண்டியவை இவை:

- கேட்காமல் தொடக் கூடாது. நாயோடு இருக்கிற பெரியவரிடம் முதலில் கேட்க வேண்டும்.
- தூங்குகிற நாயையும் சாப்பிடுகிற நாயையும் கிட்டே போய்ப் பார்க்கக் கூடாது.
- கட்டிப்பிடிக்கக் கூடாது, முகத்தை முகத்தருகே கொண்டுபோகக் கூடாது.
- நாய் ஓடிவந்தால் ஓடக் கூடாது, கத்தக் கூடாது. கையை மடக்கிக்கொண்டு மரம் மாதிரி நிற்க வேண்டும். கண்ணை உற்றுப் பார்க்கக் கூடாது.
- கதவோ கேட்டோ திறந்திருப்பதைப் பார்த்தால் பெரியவர்களிடம் சொல்ல வேண்டும்.

கடைசியாகச் சொன்னது பெரியவர்களுக்கும்தான். அதுவே என் மூன்றாவது வேண்டுகோள். செவலை தப்பித்து வெளியே வந்துவிட்டால் துரத்தாதீர்கள். துரத்தினால் ஓடும், ஓடினால் ரோட்டுக்குத்தான். செக்யூரிட்டியிடம் சொல்லிக் கேட்டைச் சாத்தச் சொல்லுங்கள், அந்த வீட்டுக்குப் போன் செய்யுங்கள். செக்யூரிட்டி அண்ணன்கள் இருவருக்கும் அவள் புகைப்படமும் எண்ணும் கொடுத்தாகிவிட்டது.

சட்டத்தைக் காட்டி யார் வாயையும் அடைக்க நான் வரவில்லை. ஆனால் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. வளர்ப்பு நாயை ஒரு சங்கம் தீர்மானம் போட்டுத் தடுக்க முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-லேயே சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. கேட்டருகே நாம் சோறு போடுகிற தெருநாய்கள் விஷயத்தில், 2023-ஆம் ஆண்டின் விலங்குகள் கருத்தடை விதிகள் நம்மைப் போன்ற சங்கங்களுக்கே பொறுப்புக் கொடுக்கின்றன. குழந்தைகள் விளையாடும் இடம், படிக்கட்டு, வாசல் இவற்றை விட்டுத் தள்ளி ஓர் இடம் குறித்துத் தர வேண்டும். இன்று நாம் கேட்டிலேயே போடுகிறோம். அதை மாற்றுவது பயப்படுகிறவர்களுக்கும் நல்லது, நாய்களுக்கும் நல்லது. அடுத்த கூட்டத்தில் இடம் குறிப்போம்.

மூன்று மாதம், பிறகு

தற்காலிக வளர்ப்பில் கடினமான வேலை கடைசியில்தான் வரும். நாய் பழகிவிட்டது, மடியில் தலை வைக்கிறது, வீட்டுப் பிள்ளைகள் அதோடு தூங்குகிறார்கள். அப்போது அதை இன்னொரு கையில் கொடுக்க வேண்டும். என் வீட்டில் இதுவரை பதினொரு நாய்கள் தங்கிப் போயிருக்கின்றன. ஒவ்வொன்றும் போன அன்று வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிட்டதில்லை. ஆனால் அந்த மூலை காலியானதால்தான் அடுத்ததற்கு இடம் கிடைத்தது. கொடுக்க மனம் வராமல் அந்தக் குடும்பமே வைத்துக்கொண்டாலும் தவறில்லை. மூன்று மாதம் ஆன பிறகு, நிதானமாக உட்கார்ந்து எடுத்த முடிவாக இருக்கட்டும்.

அதுவரை ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். எத்தனை மணிக்குச் சாப்பிட்டாள், எதற்குப் பயந்தாள், குழந்தைகளிடம் எப்படி, பூனையைப் பார்த்தால் எப்படி, எவ்வளவு நேரம் தனியாக இருப்பாள், எந்தக் காது தொட்டால் பிடிக்காது. நல்லதை மட்டும் எழுதக் கூடாது. "ரொம்ப சாது, எல்லாரிடமும் ஒட்டிக்கொள்வாள்" என்று மறைத்துக் கொடுத்தால் பத்தாம் நாள் திருப்பி அனுப்புவார்கள். ஒவ்வொரு முறை வீடு மாறும்போதும் நாயின் நம்பிக்கை கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுப்பதுதான் அந்த நாய்க்குச் செய்கிற பெரிய உபகாரம்.

புது வீட்டைத் தேர்ந்தெடுக்கும்போது நேரில் போய்ப் பார்க்க வேண்டும். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரர் சம்மதம் இருக்கிறதா? வேலை மாற்றலாகிப் போனால் என்ன செய்வார்கள்? காவலுக்கு மட்டும் சங்கிலியில் கட்டிவைக்கவா கேட்கிறார்கள்? எல்லாவற்றையும் கூச்சப்படாமல் கேட்க வேண்டும். தெருநாய்கள் வழக்கில் 2025 ஆகஸ்ட் 22-இல் உச்ச நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. தெருநாயைத் தத்தெடுக்க விரும்புகிறவர்கள் உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பிக்கலாம், எடுத்த நாய் மறுபடி தெருவுக்குப் போகாமல் பார்ப்பது எடுத்தவர் பொறுப்பு என்று அதில் இருக்கிறது. செவலை வீட்டு நாய். என்றாலும் அவளுக்கும் அதே அளவுகோலை வைத்துக்கொள்வோம். எழுத்தில் ஓர் ஒப்பந்தம், இரண்டு வாரம் சோதனைக் காலம், ஒத்துவரவில்லை என்றால் நம்மிடமே திரும்ப வேண்டும் என்ற நிபந்தனை. இவை இல்லாமல் கொடுப்பதாக இல்லை.

முடிக்கிறேன். நான் கேட்டது மூன்றே மூன்று. முதல் மூன்று நாள் பார்க்கப் போகாதீர்கள். குறை இருந்தால் குழுவில் போடாமல் கதவைத் தட்டிச் சொல்லுங்கள். கேட்டைச் சாத்துங்கள், வெளியே வந்தால் துரத்தாதீர்கள். நாய் பிடிக்காதவர்களும் இதைச் செய்யலாம். நாயை நேசிக்க வேண்டும் என்று யாரையும் நான் கேட்கவில்லை.

ஞாயிறு காலை பத்து மணிக்கு, வெயில் ஏறுவதற்கு முன், ஆட்டோவில் அழைத்து வருகிறோம். அந்த நேரத்தில் சி பிளாக் லிஃப்ட்டைப் பத்து நிமிடம் காலியாக விட்டால் உதவியாக இருக்கும்.

கேள்வி இருந்தால் தண்ணீர் லாரிக் கணக்கு முடிந்த பிறகு கேளுங்கள், இங்கேயேதான் இருப்பேன்.